தங்கையின் விமானித் தேர்வுக்குத் துணையாக: காப்பாரிலிருந்து முகாம் வாசல் வரை

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய பயணங்களிலேயே இதுதான் குட்டையானது. காப்பாரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கோலாலம்பூருக்குத் தெற்கே ஓர் இராணுவ முகாமின் வாசல் வரை, ஒரு வழிக்கு ஐம்பத்தெட்டரை கிலோமீட்டர். கேமரன் மலைக்கும் மேடானுக்கும் போய்வந்து எழுதியவள் இதையெல்லாம் ஒரு பயணமென்று எழுதுவதா என்று இத்தனை மாதம் சும்மா இருந்தேன். இப்போது நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு விமானப்படைப் பயிற்சி விமானி தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது, எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, துணைக்குப் போகிறவர்கள் எங்கே உட்காருவது என்று. சரி, எழுதிவிடுகிறேன். முகாமின் பெயரையும் மாதத்தையும் எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள்.

தேர்வுக்குப் போனது என் தங்கை ரூத். வயது இருபத்திரண்டு, எனக்கு ஒன்பது வயது இளையவள். கிள்ளானில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் கணினியில் பதிவு செய்யும் வேலை. விமானம் ஓட்ட வேண்டுமென்று அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. தானாகவே விண்ணப்பித்து, ஓட்டமும் குட்டிக்கரணமும் பார்க்கிற முதல் சுற்றுக்குத் தானாகவே போய்வந்து, இரண்டாவது அழைப்புக் கடிதம் வந்தபிறகுதான் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அம்மா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். “பஸ்ஸுக்கே லைசன்ஸ் வாங்க மூணு தடவ போனேன் நான்” என்று மட்டும் சொன்னார். தனியார் விமானப் பள்ளிக் கட்டணத்துக்கு எங்கள் வீட்டை விற்றாலும் காணாது. ரூத்துக்கு இது ஒன்றுதான் வழி.

கடிதத்தில் தேர்வைப் பற்றி மூன்றே வரி. பேனா, கணிப்பான் தேவையில்லை. முன்தயாரிப்பு தேவையில்லை, நன்றாகத் தூங்கி வரவும். ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் மறுபடி எழுத முடியாது. இந்த மூன்றாவது வரியை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். இரண்டாவது வரியை நம்பவே இல்லை. தயாரிக்காமல் போகிற பரீட்சை என்று ஒன்று உலகத்தில் உண்டா? ஆறாம் ஆண்டிலிருந்து டியூஷன் வகுப்பிலேயே வளர்ந்த கூட்டம் நாங்கள்.

அதனால் இரண்டு வாரம் நான் அவளை விடவில்லை. மீன் பொரிக்கும்போது, துணி காயப்போடும்போது, காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் கேள்வி. “மணிக்கு எரநூத்து நாப்பது மைல் வேகம். பதினெட்டு நிமிஷத்துல எவ்ளோ தூரம்?” என்பேன். “எழுபத்திரண்டு. கருவேப்பில கருகுதுக்கா” என்பாள். பத்து எண்களைச் சொல்லிப் பின்னாலிருந்து ஒப்பிக்கச் சொல்வேன். வேதனை என்னவென்றால், எனக்குத்தான் பாதியில் மறந்துபோகும், அவளுக்கு மறக்காது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெப விண்ணப்பச் சீட்டில் அவள் பெயரை எழுதிப் போட்டதும் நான்தான். எங்கள் மெதடிஸ்ட் சபையில் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டு நிறுத்தி ஜெபிப்பார்கள். ரூத் போகமாட்டேன் என்றாள். நான் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். போதகர் ஜெபித்து முடிக்கும்போது, அவள் விமானி ஆகப்போகிறாள் என்று சபையில் நூற்றுச்சொச்சம் பேருக்கும் தெரிந்துவிட்டது.

பயணத்துக்கு வருகிறேன். தேர்வு புதன்கிழமை காலை ஏழரைக்கு. காப்பாரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாது, ஆகவே முதல்நாளே போய்க் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தங்குவதென்று முடிவு. செவ்வாய் மதியம் 2.10க்கு அப்பா எங்களைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார். வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். 2.35 கொமியூட்டர் ரயில் ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தது. பெண்கள் பெட்டி நடுவில் இருக்கும், மேடையில் இளஞ்சிவப்புக் குறி போட்ட இடத்தில் நின்றால் ஓட வேண்டியதில்லை. குளிர் அதிகம், ஒரு சட்டை கூட வைத்துக்கொள்ளுங்கள். கே.எல். சென்ட்ரல் வரை ஒரு மணி ஏழு நிமிடம்.

பிரிக்பீல்ட்ஸில் இரண்டு கட்டில் போட்ட அறை ஓர் இரவுக்கு 118 வெள்ளி, அதாவது ரிங்கிட். நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஆறு நிமிட நடை. அறை சுத்தம். துண்டு மட்டும் உங்களுடையதைக் கொண்டுபோங்கள், அங்கே கொடுத்ததில் இன்னொருவருடைய சாயம் ஒட்டியிருந்தது. சாயங்காலம் ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டோம். இரண்டு தோசை, ஓர் இட்லி செட், இரண்டு தேநீர், மொத்தம் 19.40. சாப்பிடும்போதும் நான் கேள்வி கேட்டேன். பக்கத்து மேசை அங்கிள் எட்டிப் பார்த்து, “பாவம்மா, புள்ளைய தின்ன விடுங்க” என்றார். எட்டரைக்கு ரூத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தேர்வு யாருக்கு என்று அறைக்குள் வந்து பார்க்கிறவருக்கு சந்தேகமே வந்திருக்கும்.

காலை 6.15க்குச் செயலியில் கார் அழைத்தேன். பதினொன்றரை கிலோமீட்டர், 17 வெள்ளி, முப்பத்தோரு நிமிடம். ஓட்டுநர் தமிழர், செராஸ் பக்கம் குடியிருக்கிறாராம். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் கண்ணாடியில் ரூத்தைப் பார்த்தார்.

“பைலட் டெஸ்டா? தங்கச்சிக்கா? அட, அட! அதுல என்னாக்கா கேப்பாங்க?”

“தெரியாதுண்ணே. கம்ப்யூட்டர்ல மூளைய டெஸ்ட் பண்ணுவாங்களாம்.”

“நல்லா கார் ஓட்டுறவன புடிச்சு ஏத்தி உட்டா பத்தாதா? இருவது வருஷமா கே.எல்.ல ஓட்டுறேன், நானெல்லாம் எப்பவோ பைலட் ஆயிருக்கணும்லா!”

ரூத் சிரித்தாள். அந்தக் காலையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தெரிந்த அளவில் அண்ணனுக்கு விளக்கம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். இது எந்த நாட்டுப் படையிலும் பொதுவாக இருக்கிற முறை, இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. விமானம் ஓட்டுகிறவருக்குக் கை ஒன்று செய்ய வேண்டும், கால் ஒன்று செய்ய வேண்டும், கண் ஐந்தாறு முள்களைப் பார்க்க வேண்டும், காதில் யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அதையும் பிடித்துவைக்க வேண்டும். இது யாருக்கு வரும் என்பது முகத்தைப் பார்த்தாலும் தெரியாது, பள்ளியிறுதி எஸ்.பி.எம். சான்றிதழைப் பார்த்தாலும் தெரியாது. இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தபிறகு வரவில்லை என்று தெரிந்தால் அரசாங்கத்துக்கும் நட்டம், அந்தப் பிள்ளைக்கும் வயது போய்விடும். அதனால் முதலிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, வேகம், ஞாபகம், திசையறிவு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற திறன் இதையெல்லாம் அளந்து பார்த்துவிடுகிறார்கள். “அப்ப நமக்குச் சரிப்படாது. என் வீட்டுக்காரி பேசினா எனக்குப் பாதை மறந்துரும்” என்றார் அண்ணன். முகாம் வாசலில் இறக்கிவிட்டு, “நல்லா பண்ணுமா” என்று ரூத்துக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். நல்ல மனிதர், ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

வாசலில் அடையாள அட்டையையும் கடிதத்தையும் பார்த்தார்கள். கைப்பேசி உள்ளே கூடாது, ரூத் அதை என்னிடம் கொடுத்தாள். துணைக்கு வந்தவர்கள் வாசலோடு சரி. அங்கேதான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி நான் என் வேதத்தைச் சொன்னேன்.

“ஒன்னுகூட காலியா விடாத, கேட்டியா? தெரியலன்னா தெம்பாக் பண்ணு. கடைசி ஒரு நிமிஷம் இருக்கும்போது மிச்சம் எல்லாத்தையும் அழுத்திட்டு வந்துரு.”

வெளியூர் வாசகர்களுக்கு: தெம்பாக் என்றால் மலாயில் சுடுவது. பரீட்சையில் விடை தெரியாதபோது நாலில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்வதற்கு இங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் சொல்கிற வார்த்தை. எங்கள் பள்ளித் தேர்வுகளில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். காலியாக விடுவதுதான் பாவம். நான் ஐந்தாம் படிவத்தில் வேதியியலில் பன்னிரண்டு கேள்விகளைத் தெம்பாக் பண்ணித்தான் கரையேறினேன், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிகிறவள். ரூத் “சரிக்கா” என்றாள். உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காத்திருக்கிற இடம்தான் வாசகர்கள் முக்கியமாகக் கேட்டது. வாசலிலிருந்து இருநூறு மீட்டரில் ஒரு மரத்தடியில் மலாய் அக்கா ஒருவர் கடை போட்டிருக்கிறார். மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் 6 வெள்ளி, தேநீர் 2.20. பிளாஸ்டிக் நாற்காலி எட்டுத்தான் இருக்கிறது, ஏழரைக்குள் போய் உட்காருங்கள். கழிப்பறைக்கு அறுநூறு மீட்டர் நடந்து எண்ணெய் நிலையத்துக்குப் போக வேண்டும். மழை வந்தால் ஒதுங்க இடமில்லை.

பக்கத்து நாற்காலியில் மல்லிகா அக்கா. செராஸில் தையல் கடை வைத்திருக்கிறார், அவருடைய மகன் தினேஷ் உள்ளே எழுதிக்கொண்டிருந்தான். பத்து மணிக்குள் நாங்கள் இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். மகனுக்கு எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ. காலையில் வெண்டைக்காய், பாதாம், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்.

“தெம்பாக் பண்ணச் சொல்லி அனுப்புனீங்களாக்கா?”

“அதச் சொல்லாம அனுப்புவனா! அவங்க அப்பா நேத்துலேருந்து அதையேதான் சொல்றாரு.”

இருவரும் சேர்ந்து இன்னொரு தேநீர் குடித்தோம்.

12.40க்கு முதல் கூட்டம் வெளியே வந்தது, அதில் தினேஷ். வந்த வேகத்திலேயே அம்மாவிடம் கேள்விகளைக் கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். முதலில் இது வந்தது, அடுத்தது இது, இதில்தான் மாட்டிக்கொண்டேன் என்று. மல்லிகா அக்கா கைப்பேசியை எடுத்துத் தட்டிக்கொண்டே வந்தார். அவருடைய அக்கா மகள் அடுத்த முறை எழுதப்போகிறாளாம். அவன் சொன்னதில் இரண்டு விஷயம் என் காதிலும் விழுந்தது. அவை போக, உள்ளே எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம், தேர்வில் என்ன வந்தது என்று வெளியே சொல்லமாட்டேன் என்று. அதையும் தினேஷே சிரித்துக்கொண்டு சொன்னான். “எல்லா எடத்துலயும் வாங்குறதுதான்லா” என்றார் மல்லிகா அக்கா, தட்டுவதை நிறுத்தாமல். நானும் தலையாட்டினேன். வீட்டு ஆளிடம் சொல்வதெல்லாம் ஒரு கணக்கா?

ரூத் 1.20க்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. “எப்படி?” என்றேன். “முடிஞ்சிருச்சு. பசிக்குதுக்கா” என்றாள். தினேஷ் அவளைப் பார்த்து, “அந்த நாலாவது செட் எப்படி இருந்துச்சு?” என்று ஆரம்பித்தான். அவள் “வரேன்” என்று அவனுக்கும் மல்லிகா அக்காவுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பும் கார் 19 வெள்ளி. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, ஆளுக்கு 14.50. புடலங்காய்ப் பொரியல் அருமை, ரசம் சுமார். ரூத் இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். நான் என்ன வந்தது என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு.” கணக்கா? “ம்.” படமா? அப்பளத்தை உடைத்தாள். கடைசியில் வேறு மாதிரி கேட்டேன்.

“எல்லாத்தையும் முடிச்சியா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

கொஞ்சம் யோசித்தாள். “முடிக்கலக்கா. கொஞ்சத்த அப்படியே விட்டுட்டேன்.”

“காலியாவா?”

தலையை ஆட்டினாள்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் கத்தக் கூடாதென்று அடக்கிக்கொண்டு, விடுதியில் விட்டிருந்த பையை எடுத்துக்கொண்டு, 3.25 ரயிலில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் பள்ளிப் பிள்ளைகள், அலுவலகப் பெண்கள், தூங்குகிற ஒரு சீனப் பாட்டி. மெதுவான குரலில் ஆரம்பித்தேன். அங்காசாபுரியில், வாசலில் நின்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். பெட்டாலிங்கில், அழுத்தினால் கையா சுளுக்கிக்கொள்ளும் என்றேன். சுபாங் ஜெயாவில் அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள், போதகரிடமும் நீயே சொல்லிக்கொள் என்றேன். பத்து தீகாவில் மெதுவான குரல் போய்விட்டது, எதிரில் இருந்த பெண் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டார். ரூத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் விட்ட? காரணம் சொல்லேன்! வாயில என்னா வச்சிருக்க?” என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அந்த மௌனம்தான் என்னைக் கிறுக்காக்கியது. ஷா ஆலாம் நிலையத்தில் கதவு திறந்து மூடும்போது அதைச் சொன்னேன்.

“நீ எதத்தான் முடிச்சிருக்க? டிப்ளமாவையும் இப்படித்தான பாதியில விட்ட.”

இதற்குப் பின்னணி சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் ஓர் ஆள் பகலில் கூடவே இருக்க வேண்டும். அம்மாவுக்கு அவரைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர வேலை, அதை விட்டால் வீடு நடக்காது. ரூத் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்காகத்தான் விட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், கிள்ளான். 4.31க்கு இறங்கினோம். அப்பா பேருந்தோடு வந்திருந்தார். முகங்களைப் பார்த்துவிட்டு வானொலியைப் போட்டார்.

வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு அம்மாவும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒவ்வொருவராக வந்து, “என்னாம்மா கேட்டாங்க? ஈஸியா இருந்துச்சா?” என்று விசாரித்தார்கள். “நல்லா இருந்துச்சு ஆன்டி”, “நல்லா இருந்துச்சு அங்கிள்” என்று இருபது தடவை சொன்னாள். நான் கொஞ்ச தூரத்தில் நின்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். என் புண்ணியத்தில், அவள் பாதியை எழுதாமல் வந்துவிட்டாள் என்று அடுத்த வாரத்துக்குள் பாடகர் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான்காவது வாரம் தொழிற்சாலையில் ஒரு சம்பவம். நான் அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வை. மருத்துவமனைக்குப் போகிற பிளாஸ்டிக் குழாய்களில் கீறல், குமிழ் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சந்தேகமான தட்டுகளையும் நல்லதோடு சேர்த்துத் தள்ளியிருந்தாள். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன்.

“தெரியலன்னா தெரியலன்னு செவப்பு டேக் போட்டுத் தனியா வை. தெம்பாக் பண்றதுக்கா சம்பளம்? தப்பா ஒன்னு உள்ள போனா ஒரு நோயாளிக்கு ஆபத்து!”

அவள் “சரிக்கா” என்று சொல்லிப் போய்விட்டாள். தெம்பாக் பண்ணாதே என்று நானே சொல்கிறேன். பதினொரு வருடமாக நாளுக்கு நாலு தடவை நான் சொல்கிற வார்த்தை அது. அன்று மதிய ஓய்வில் கைப்பேசியில் தேடிப் படித்தேன். இந்த வகைத் தேர்வுகள் பலவற்றில் முழுசாக முடிக்கவே முடியாத அளவுக்குத்தான் கேள்வி கொடுப்பார்களாம். சிலவற்றில் தப்பான விடை மதிப்பெண்ணைக் கீழே இழுக்குமாம், சிலவற்றில் அப்படி இல்லையாம். ரூத் எழுதியதில் எது என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து எழுதியவள் அவள், திரையில் இருந்த விதியைப் படித்தவள் அவள். மரத்தடியில் மீ கோரேங் தின்றவள் நான்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது, சாப்பாடு வாங்கிக் கொடுப்போம். அன்று வேலை முடிந்து வரும்போது மோட்டாரில் விற்கிறவரிடம் பத்து வெள்ளிக்குப் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் வாங்கினேன். ரூத் சாப்பிட்டாள். “தேங்கா ஃபிரெஷ்ஷா இருக்குக்கா” என்றாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் மின்னஞ்சல் வந்தது. ரூத் அடுத்த கட்டத்துக்கு, மருத்துவப் பரிசோதனைக்குத் தேர்வாகியிருந்தாள். அம்மா மறுபடி அழுதார். அப்பா பேருந்தின் ஹார்னை இரண்டு தடவை அடித்துவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் மல்லிகா அக்காவிடமிருந்து குரல் செய்தி. “எஸ்தர்மா! என் புள்ள பாஸ்மா! தங்கச்சிக்கு என்னாச்சு?” ஆமாம், தினேஷும் தேறிவிட்டான். வெளியே சொன்னதற்காக ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை, சொல்லாததற்காக ரூத்துக்கும் ஒருவரும் மதிப்பெண் போடவில்லை.

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு ட்ரெயின்ல நான் அவ்ளோ பேசுனனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? காரணம் இருந்துச்சுல்ல?”

“கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா.”

“என்கிட்டகூடவா?”

“உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது” என்றாள், தலையணை உறையை உதறிக்கொண்டே. “நீங்கதான் எல்லாத்தையும் ப்ளாக்ல எழுதிருவீங்களே.”

சிரிப்பு வந்தது. அதற்கு அடுத்த நொடி அழுகை வந்தது. எதுவென்று முடிவு செய்ய முடியாமல், “என்னை மன்னிச்சிரு ரூத்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்டதில்லை. அவளுக்குச் சங்கடமாகப் போய், “சரி சரி, அந்தப் பக்கத்தப் புடிங்க” என்று விரிப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தாள்.

இனிப் போகிறவர்களுக்கு. முதல்நாளே போய்த் தங்குங்கள், எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்து இருநூற்று ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது. அசல் அடையாள அட்டை, கடிதத்தின் இரண்டு நகல், ஒரு மெல்லிய குளிர்ச்சட்டை. குடை கட்டாயம். மரத்தடிக் கடை அக்கா மின்பணம் வாங்கமாட்டார், சில்லறை வையுங்கள். தயாரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, கடிதத்தில் தூங்கச் சொன்னால் தூங்கட்டும். துணைக்குப் போகிறவர்கள் வாசலில் கடைசி அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். விதி என்ன என்று உள்ளே இருக்கிற திரை சொல்லும், நாம் எழுதிய பரீட்சை வேறு.

இந்தத் தேர்வு நியாயமானதா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அவ்வளவு படிப்பில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் பரிசோதகர் வேலைக்கு முதலில் கண் பரிசோதனை உண்டு. அதில் தவறியவர்களை எடுக்கமாட்டோம், அது சரிதான், கீறல் தெரியாதவரை உட்காரவைத்து என்ன செய்வது? ஆனால் தேறியவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் அலட்சியமாகிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்கிற கருவி எங்களிடம் இல்லை, கூடவே நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு காலைப்பொழுதில் ஒரு கணினி ஒருவருடைய மூளையின் வேகத்தை அளந்துவிடும் என்று நம்புகிறேன். ஒன்பது வயது மூத்தவள், ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தவள், நான் அளந்ததைவிட அது சரியாகவே அளந்திருக்கிறது.

ரூத் மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் முடித்துவிட்டாள், பயிற்சிக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடையில் வேலையை விட்டுவிட்டாள். நேற்று இந்தப் பதிவை வெளியிடுவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். யாரிடமும் இப்படிக் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. மேசையில் உட்கார்ந்து, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். தினேஷ் சொல்லி என் காதில் விழுந்த அந்த இரண்டு விஷயத்தையும் நான் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்து, “இத எடுத்துருங்க” என்றாள். எடுத்துவிட்டேன். ஷா ஆலாம் நிலையத்தில் நான் சொன்னதையும் வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், ஊரே படிக்கும், உனக்கும் நல்லா இருக்காது என்றேன்.

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். “அது இருக்கட்டும்க்கா” என்றாள்.

அதனால் இருக்கிறது.